சுற்றிப் போகாத கப்பல்

பால்கனிக் கதவின் பிடியை டிலக்சி இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. வெளியே அல்ல, ஹீட்டர் கொதிக்கும் உள்பக்கத்தில். கதவுக்கு அப்பால், தள்ளுவண்டிலுக்குள், எட்டு மாதத் தம்பி யாழ்.

குளிரில்தான் பிள்ளை நன்றாக நித்திரை கொள்ளும் என்று இந்த ஊர்க்காரரைப் பார்த்து அப்பா பழக்கியது. கம்பளி உடுப்பு, ஆட்டுத்தோல் விரிப்பு, அவன் சத்தத்தை உள்ளே கொண்டுவரும் பேபிகோல். அம்மா முதியோர் இல்லத்துக்கு மாலை வேலைக்குப் போனால், நோர்வேயின் அம்மருட்டில், தொடர்மாடியின் பதினோராம் மாடியில் அவனுக்குக் காவல் டிலக்சிதான். மேசையில் கிடந்த பேபிகோலில் அவன் மூச்சைக் கேட்டபடி பாடம் செய்துகொண்டிருந்தவள், அந்த மூச்சுக்கு அடியில் வேறொன்றும் ஓடுவதை முதலில் கவனிக்கவில்லை: பல்லுக்குள் அதிரும் இயந்திர ஓசை, தடித்த எதுவோ மெல்ல மெல்லப் பிளக்கும் நீண்ட முறிவு, பிறகு தண்ணீர், பிறகு அழுகை. ஒன்றல்ல. பல. ஒவ்வொன்றாய் நின்றுபோயின.

"அப்பா, கதவு திறக்குதில்லை."

மகேந்திரராசா போனும் கையுமாக அறையிலிருந்து வந்தார். பனிக்கடலால் போகும் சரக்குக் கப்பல்களுக்கு வழி குறிப்பது அவர் வேலை. வழி குறுகினால் எண்ணெய் மிச்சம். மத்தியானம் அப்படியொரு கப்பலிலிருந்து கப்டன் லூக்காஸ் போனில் கூப்பிட்டிருந்தான். முன்னால் பனியில் சீல்கள், அந்தக் கடல்நாய்கள், குட்டி போட்டிருக்கின்றன, குட்டிகளுக்கு நீந்தத் தெரியாது, சுற்றிப் போகவா என்று கேட்டான்.

"சுத்திப் போகட்டுமேன் அப்பா," என்று டிலக்சி அப்போதே கேட்டாள்.

"எண்ணெய்க் காசு நீ குடுக்கிறியோ? அதுகள் அடுத்த வருசமும் குட்டி போடுங்கள். நேரை போகச் சொல்லிட்டன்."

இப்போது அவர் தோளால் இடித்தார். மூன்றாம் இடியில் கதவு விட்டது.

கருகிய எண்ணெய், மீன், பால் மணம். கைப்பிடிக் கம்பியெல்லாம் புகைக்கரி. காற்றில்லை. வண்டில் ஆடியது.

டிலக்சி போர்வையை விலக்கினாள். ஈரம். மயிர்.

வெள்ளைக் குட்டி. வயிறெல்லாம் கறுப்பு எண்ணெய். செத்திருந்தது. தலையில் யாழின் தொப்பி, நாடிக்குக் கீழே பக்குவமாய் முடிச்சுப் போட்டிருந்தது.

யாழ் இல்லை. பால்கனிப் பனியில் கனமான எதுவோ இழுபட்ட தடம். கம்பிக்கு மேலால் ஏறி, வெறும் இருட்டுக்குள் போயிருந்தது.

"பிள்ளை எங்கை?" என்றார் அப்பா. "டிலக்சி, பிள்ளை எங்கை?"

அவர் கையில் போன் அடித்தது. லூக்காஸ். ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"பனியில் ஒரு பிள்ளை அழுகிறது," என்றான் நோர்வே மொழியில். "மனிதப் பிள்ளை."

"நிறுத்து. கப்பலை நிறுத்து."

"இயந்திரத்தை எப்போதோ நிறுத்திவிட்டேன். கப்பல் போய்க்கொண்டேயிருக்கிறது. கீழே சீல்கள் நூற்றுக்கணக்கில் நின்று தள்ளுகின்றன. சுக்கானை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன."

பனி முறியும் சத்தம். நெருங்கி.

அப்பா கம்பியைப் பிடித்து இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை," என்றான் லூக்காஸ். "அழுகை எல்லாப் பக்கமும் கேட்கிறது. சொல்லுங்கள், எந்தப் பக்கம் திருப்ப?"