கணவாய் இறங்கிய எண்ணெய் டின்

ஆடிப்பெருக்கு அன்று காலை, பென்னாகரம் பஸ் நிலையத்தில் புஷ்பமேரி ஓர் எண்ணெய் டின்னைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். பஸ்ஸில் ஆள் ஏற இடம் இருந்தது. டின் ஏறத்தான் இடம் இல்லை.

"டின்னை எறக்கு பாப்பா! இந்தக் கூட்டத்துல எண்ணெய் கொட்டுச்சுன்னா, எல்லாரும் ஒகேனக்கல்லுக்கு வழுக்கிக்கிட்டேதான் போவணும்" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். புஷ்பமேரிக்கு அழுகை வந்தது.

அவள் அம்மா ஆரோக்கியம்மாள் இந்த வருடம்தான் முதன்முதலாக ஒகேனக்கல் ஆற்றங்கரையில் மீன் வறுவல் கடை போடுகிறாள். அப்பாவும் அம்மாவும் வாணலியையும் மசாலாவையும் எடுத்துக்கொண்டு நேற்று மாலையே போய்விட்டார்கள். செக்கிலிருந்து கடலை எண்ணெய் இன்று காலையில்தான் கிடைத்தது. அதைப் பஸ்ஸில் கொண்டுவருவது புஷ்பமேரியின் வேலை.

பெருக்கு நாளில் ஆற்றங்கரையில் கடை போட இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெயில் ஏறுவதற்குள் வியாபாரம் தொடங்காவிட்டால், அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த இடத்துக்காக அம்மா எத்தனை பேரிடம் போய்க் கேட்டாள் என்பது புஷ்பமேரிக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த பஸ் கண்டக்டரும் டின்னைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"நடந்தே போயிடலாமா?" என்று கேட்டாள் கண்ணம்மாள். அவள் பக்கத்து வீட்டுத் தோழி. வழியனுப்ப வந்தவள்.

"நடந்தா மத்தியானம் ஆயிடும். சைக்கிள்ல போவலாம்."

கண்ணம்மாள் திறந்த வாயை மூடவில்லை. இரண்டு பேருக்கும் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஆனால் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகியதுதான். அங்கே மேடு என்று இருந்தது ஒரே ஒரு மணல் குவியல். அதிலும் கண்ணம்மாள் இரண்டு தடவை முட்டியிருக்கிறாள்.

வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த பச்சியப்பன், கண்ணம்மாளுக்குத் தாய்மாமன். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தார்.

"கணவாயிலயா? என் வண்டி பிரேக்கெல்லாம் ஊருக்குள்ளதான் சொன்ன பேச்சு கேக்கும் கண்ணு. பள்ளத்துல எறங்குனா, நிக்கறதா வேணாமான்னு அதுவா முடிவு பண்ணும்."

"பெரியவங்க எல்லாம் தழை கட்டிக்கிட்டுத்தானுங்களே எறங்கறாங்க?" என்றாள் புஷ்பமேரி.

அது உண்மைதான். ஒகேனக்கல் கணவாயில் சைக்கிளில் இறங்குகிறவர்கள், சாலையோர மரத்தில் தழையோடு ஒரு பெரிய கிளையை வெட்டுவார்கள். அதைக் கயிற்றால் சைக்கிளின் பின்னால் கட்டிவிடுவார்கள். கிளை தரையில் உரசிக்கொண்டே வந்து, வண்டி வேகம் எடுக்காமல் பின்னுக்கு இழுக்கும். பென்னாகரத்தில் பிரேக்கை நம்பியவர்களைவிடத் தழையை நம்பியவர்களே அதிகம்.

பச்சியப்பன் டின்னைப் பார்த்தார். புஷ்பமேரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு, சிறுவர்கள் ஓட்டும் முக்கால் சைக்கிள்கள் இரண்டை வெளியே தள்ளினார். பழைய டியூபால் டின்னை கேரியரோடு இறுக்கிக் கட்டினார். இரண்டு துண்டுக் கயிறும் கொடுத்தார்.

"கூட்டத்தோடயே போங்க. தனியா போயிடாதீங்க. கண்ணம்மா, உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். திட்டு வாங்கறது எனக்குப் பழக்கந்தான்."

சாலை முழுக்க ஆற்றுக்குப் போகும் கூட்டம். மாட்டு வண்டிகள், நடந்து போகிறவர்கள், தோளில் உட்கார்ந்த குழந்தைகள். ஊர் முடிந்து காடு தொடங்கியது. மேடு வந்தபோதெல்லாம் இருவரும் இறங்கித் தள்ளினார்கள். கண்ணம்மாள் தன் வண்டியை ஒரு கையால் உருட்டிக்கொண்டே, மறு கையால் டின்னையும் தள்ளிவிட்டாள்.

சாலையோரத்தில் யானைச் சாணம் கிடந்தது.

"யானை வந்தா என்னடி பண்றது?" என்றாள் கண்ணம்மாள்.

"பெல் அடி. ஒதுங்கிக்கும்."

இரண்டு பேருக்கும் பயம்தான். இருந்தாலும் சிரித்துக்கொண்டார்கள்.

கணவாயின் உச்சிக்கு வந்தபோது அங்கே பெரிய சத்தமாக இருந்தது. சைக்கிளில் வந்த ஆண்கள் எல்லோரும் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார்கள். நடுவில் காக்கிச் சட்டை போட்ட வனக்காவலர் சென்னப்பன். அவர் காலடியில் பிடுங்கி வைத்த அரிவாள்கள்.

"இன்னிக்கு ஒருத்தரும் பச்சை மரத்து மேல கை வெக்கக் கூடாது" என்றார் அவர். "போன வருஷம் பெருக்கு முடிஞ்சு வந்து பாக்கறேன், ரோட்டோரத்து மரமெல்லாம் மொட்டை அடிச்சுக்கிட்டு நிக்குது. சாமிக்கு வேண்டிக்கிட்டது நீங்களா, மரமா?"

"தழை இல்லாம எப்பிடிங்க எறங்கறது?" என்றார் ஒருவர்.

"தள்ளிக்கிட்டு நடங்க."

புஷ்பமேரி வானத்தைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டின்னோடு இந்தச் சரிவில் தள்ளிக்கொண்டு நடந்தால் வண்டி அவளை இழுத்துக்கொண்டு போய்விடும். மெதுவாக நடந்தால் எண்ணெய் நேரத்துக்குப் போய்ச் சேராது.

அப்போது முனிராஜ் என்ற இளைஞன் முன்னால் வந்தான். பூப்போட்ட சட்டை, புது சைக்கிள்.

"தழையாவது ஒண்ணாவது! நம்ம வண்டி பிரேக்கே போதும். எறங்கறேன், பாத்துக்குங்க!"

மணியை அடித்துக்கொண்டு அவன் பறந்தான். முதல் வளைவு வரைக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வளைவில் சைக்கிள் வளையவில்லை.

"ஐயய்யோ! புடிங்க, புடிங்க!"

எல்லோரும் ஓடினார்கள். சாலையோரப் புதர் ஒன்றின் மேல் சைக்கிள் கிடந்தது. சைக்கிளின் மேல் முனிராஜ் கிடந்தான். கைகால் எல்லாம் கீறல். நல்லவேளை, பெரிய அடி எதுவும் இல்லை. ஆனால் அவனை வெளியே எடுப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கையை விடுவித்தால் முள் சட்டையைப் பிடித்தது. சட்டையை விடுவித்தால் சைக்கிளைப் பிடித்தது.

"வுட மாட்டேங்குதுங்க! சனியன் புடிச்ச செடி!" என்று கத்தினான் அவன்.

அது உண்ணிச்செடி. சின்னச் சின்னப் பூவும், வளைந்த முள்ளுமாகக் காடெங்கும் மண்டிக் கிடக்கும். ஆடு மாடு தின்னாது. எதற்கும் ஆகாது என்று எல்லோரும் திட்டுகிற செடி.

எல்லோரும் முனிராஜைப் பார்த்தார்கள். புஷ்பமேரி செடியைப் பார்த்தாள். அவ்வளவு வேகமாக வந்த வண்டியையே இது பிடித்து நிறுத்திவிட்டதே!

அவள் சென்னப்பனிடம் ஓடினாள்.

"அண்ணா, மரத்தைத்தானே வெட்டக் கூடாது? இந்த உண்ணிச்செடியை வெட்டிக் கட்டிக்கலாமுங்களா?"

சென்னப்பன் அந்தப் புதரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"இதையா? வேரோட புடுங்குனாலும் எனக்குச் சந்தோஷந்தான் கண்ணு! வேற எந்தச் செடியையும் வளர வுடாத செடி இது. யாரும் கேக்கலையே இதுவரைக்கும்!"

அவரே அரிவாளை எடுத்து இரண்டு பெரிய புதர்களை வெட்டினார். முள் குத்தாமல் கயிற்றைச் சுற்றி, சைக்கிள்களின் பின்னால் கட்டிக்கொடுத்தார். புஷ்பமேரி வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தாள். செடி தரையைக் கவ்வியது. வண்டி அடங்கி வந்தது.

"நான் முன்னால போறேன். நீ தள்ளியே வா கண்ணம்மா. முட்டிடாதே."

"நான் மணலைத்தான் முட்டுவேன்" என்றாள் கண்ணம்மாள்.

புஷ்பமேரி ஏறி உட்கார்ந்து, பெடலிலிருந்து காலை எடுக்காமல் மெதுவாக இறங்கினாள். பின்னால் 'சரசர'வென்று சத்தம், புழுதி. முதல் வளைவில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள். இரண்டாவது வளைவில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். மூன்றாவது வளைவில் அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மலைகளுக்கு நடுவே தூரத்தில் காவிரி பளபளத்தது. பாறை மேல் உட்கார்ந்திருந்த குரங்குகள் கூட்டமாக எழுந்து நின்று வேடிக்கை பார்த்தன.

பயம் போன இடம் தெரியவில்லை. நெஞ்சு நிறையப் பெருமையாக இருந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணம்மாள் வந்தாள். அவளுக்குப் பின்னால், உண்ணிச்செடி கட்டிய சைக்கிள்கள் வரிசையாக வளைவு வளைவாக இறங்கின. கடைசியில் முனிராஜ். அவன் எல்லோரையும்விடப் பெரிய புதராகக் கட்டியிருந்தான்.

ஆற்றங்கரையில் ஆரோக்கியம்மாள் வெறும் வாணலியின் முன் நின்றாள். மசாலா தடவிய மீன் தட்டில் காத்திருந்தது. பக்கத்தில் ராமக்காள் என்ற அம்மா தன் அடுப்போடு வந்து நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க கடை போடலைன்னா இந்த எடத்தை எனக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் ராமக்காள்.

"இன்னும் செத்த நேரம் பொறுங்க. எம் பொண்ணு வந்துடுவா" என்றாள் ஆரோக்கியம்மாள். அவள் கண் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் மேலேயே இருந்தது.

அதனால் சைக்கிள் வந்ததை அவள் பார்க்கவில்லை.

"அம்மா! எண்ணெய்!"

ஆரோக்கியம்மாள் திரும்பினாள். தலையெல்லாம் புழுதியோடு மகள். கேரியரில் டின். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"மாதாவே! எப்பிடி வந்தே?"

"கணவாயில எறங்கித்தான்" என்றாள் புஷ்பமேரி.

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். திட்டுவதா, கொஞ்சுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அப்பா சின்னப்பராஜ் டின்னைத் திறந்து எண்ணெயை வாணலியில் ஊற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. புகையால் என்று சாக்குச் சொல்ல, அடுப்பை இன்னும் பற்றவைக்கக்கூட இல்லை.

ராமக்காள் சிரித்துக்கொண்டே தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டாள். "நான் அந்தப் பாறைக்கு அந்தாண்ட போய்ப் போட்டுக்கறேன். இப்பிடி ஒரு புள்ளை கொண்டாந்த எண்ணெயை யாரால தடுக்க முடியும்?"

அடுப்பு எரிந்து எண்ணெய் காய்ந்ததும், மீன் வாணலியில் விழுந்து சடசடவென்று பொரிந்தது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது கீறல் முனிராஜ். அவனுக்குப் பின்னால் சைக்கிளில் வந்தவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள்.

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் "மீன் வறுவல்! சூடான மீன் வறுவல்!" என்று கூவினார்கள். ஆரோக்கியம்மாள் அப்படிக் கூவவில்லை. கரண்டியை உயர்த்தி, அருவிச் சத்தத்தையும் மீறிக் கூவினாள்:

"வாங்க, வாங்க! சைக்கிள்ல கணவாய் எறங்குன புஷ்பமேரி கடை!"

கடையின் சொந்தக்காரி, கண்ணம்மாளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொடுத்துவிட்டு, தனக்குப் பெரிய துண்டாக ஒன்று எடுத்துக்கொண்டாள்.