ஓடினால் பசிக்கும்

பள்ளிக்கு வந்த டாக்டரம்மா ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எடை பார்த்தார். சீதா ஏறியதும் முள் சரசரவென்று ஓடியது. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இனிப்பைக் குறைக்கணும். தினமும் ஓடணும்" என்றார் டாக்டரம்மா.

அடுத்து ஏறியவள் சுலோச்சனா. முள் கொஞ்சம்தான் அசைந்தது.

"நீ தினமும் பாலும் முட்டையும் சாப்பிடணும்."

"சரிங்கம்மா" என்று இறங்கிய சுலோச்சனா, "யாரு குடுப்பாங்கன்னு சொல்லவே இல்லியே!" என்று சீதாவின் காதில் முணுமுணுத்தாள்.

சீதாவின் அப்பாவுக்குப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை இருந்தது. சுலோச்சனாவின் குடிசை அடையாற்றங்கரையில் இருந்தது. பள்ளியிலேயே வேகமாக ஓடுபவள் அவள்தான். அதனால் சீதாவை ஓட வைக்கும் வேலையை டீச்சர் அவளிடமே கொடுத்தார்.

"இன்னா, இப்டி மூச்சு வாங்குறே? ஆமை நம்மள தாண்டிப் பூடும், வா!"

சீதா சிரித்துக்கொண்டே ஓடினாள்.

சில வாரங்களில் சீதாவின் பாவாடை தளர்ந்தது. காலைக் கூட்டத்தில் டீச்சர் அவளுக்குக் கைதட்டச் சொன்னார். சுலோச்சனாவும் தட்டினாள்.

அன்று மாலை ஓடும்போது சுலோச்சனா தள்ளாடி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்று பதறினாள் சீதா.

"பசி. ஓடுனா ஒனக்கு பசிக்குதில்ல? எனக்குந்தான். ஒனக்கு வூட்ல பாலு வச்சிகினு நிக்கிறாங்க. எங்கம்மாவுக்கு வேலை கெடச்சாதான் எங்க அடுப்பு எரியும்."

சீதா அவளைக் கைபிடித்துத் தூக்கினாள்.

வீட்டில் சீதா சொன்னதைக் கேட்ட அவள் அம்மா பங்கஜம் முகத்தைச் சுளித்தாள்.

"ஏ பிள்ள, ஒருத்திக்குக் குடுத்தா அந்தக் குப்பமே வாசல்ல வந்து நிக்கும்."

"அவ சாப்பிடலைன்னா நானும் ஓட மாட்டேன்."

மறுநாள் அம்மா இரண்டு டப்பா கட்டினாள். பெரியதில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய புது இட்லி.

"சின்னது அவளுக்கு. நேத்து மிஞ்சினது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் செய்யாது."

மாலையில் சின்ன டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை அடித்தது. சீதா சட்டென்று மூடினாள். பெரிய டப்பாவைச் சுலோச்சனாவின் மடியில் வைத்தாள்.

"எனக்கா? இவ்ளோவா?"

"உனக்குத்தான்."

சுலோச்சனா விரலில் ஒட்டிய எண்ணெயைக்கூட விடவில்லை.

"ஒங்கம்மா ரொம்ப நல்லவங்க, சீதா."

சீதா சின்ன டப்பாவைத் திறந்தாள். புளித்த இட்லியை மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினாள்.

அடுத்த நாளும் அவள் தனக்குச் சின்ன டப்பாவைத்தான் எடுத்துக்கொண்டாள்.