விலக்கி வைத்த ஃபோல்டர்

நிருபன் கோட் எழுதும் எடிட்டர் அன்று பின்னேரம் நகரவே மறுத்தது. ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் போதும், திரையின் மூலையில் சக்கரம் சுழலத் தொடங்கும். புரொஜெக்ட் முழுவதையும் அது மறுபடி வாசித்து முடிக்கும்வரை லேப்டாப்பின் காற்றாடி இரைந்துகொண்டே இருக்கும். சுவிஸின் பாசலில் நவம்பர் ஐந்து மணிக்கே நல்ல இருட்டு. ஜன்னலுக்குக் கீழே வளைவில் ட்ராம் கிறீச்சிட்டுப் போனது. இன்றைக்குள் வேலையை அனுப்பாவிட்டால், ப்ரோபெட்சைட் என்கிற சோதனைக் காலம் முடியுமுன்பே கம்பெனி அவனை அனுப்பிவிடும்.

காரணம் அவனேதான். மகளின் தொட்டிலுக்கு மேலே பூட்டிய காமெராவின் படங்களைச் சோம்பலில் இதே புரொஜெக்டுக்குள் விழ விட்டிருந்தான். அந்த ஃபோல்டர் வீங்கிக் கிடந்தது. திறந்துகூடப் பார்க்காமல், எடிட்டர் வாசிக்காதபடி அதை விலக்கி வைத்தான். ரிஃப்ரெஷ் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. காற்றாடி அடங்கியது. அப்பாடா என்றிருந்தது.

முதியோர் இல்லத்தில் வேலைக்கு நின்ற மனைவி துஷாந்தி இடைவேளையில் அழைத்து, மகள் எழும்பினாளா என்று கேட்டாள். மத்தியானம் படுத்த ரிஷானி ஆடாமல் அசையாமல் நித்திரை என்றான்.

"பொட்டு அழிஞ்சிருந்தா திரும்ப வைச்சு விடுங்கோ. வலது கன்னத்திலை வைச்சனான்."

"ஓம், பாக்கிறன்."

ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஏதாவது அசைந்தால் மட்டுமே அந்தக் காமெரா படம் எடுக்கும். பிள்ளை அசையவில்லையென்றால் இத்தனை படங்கள் எப்படி வந்தன? விலக்கினால் ஃபோல்டர் ஒன்றும் இல்லாமல் போய்விடாது. எடிட்டர் அதைப் பார்க்காது, அவ்வளவுதான்.

படங்களைத் திறந்தான். சுருண்டு தூங்கும் பிள்ளை. அடுத்ததில், சுவரோரம் ஒரு நிழல். அடுத்ததில், அது தொட்டிலருகே. பிறகு, வெளியிலிருந்து தொட்டில் கம்பியைப் பிடித்த ஒரு சின்னக் கை. ரிஷானியின் கையளவே இருந்தது.

ஓடினான். இருட்டறையில் ஈர மண் வாடை அடித்தது. லைட்டைத் தேடவும் பொறுமையில்லை. கைக்குப் பட்ட பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து நாற்காலியில் விழுந்தான். உடம்பு குளிர்ந்திருந்தது. இருக்கட்டும், பிள்ளை கிடைத்துவிட்டாள். கண் கலங்கியது.

திரையில் புதிய படம் ஒன்று வந்து விழுந்தது.

தொட்டிலில் ரிஷானி. வலது கன்னத்தில் பொட்டு. அவன் போன பக்கம் இரண்டு கைகளையும் நீட்டியபடி.

அறையிலிருந்து அழுகை கேட்டது.

எழும்ப முயன்றான். கழுத்தைச் சுற்றிய சின்னக் கைகள் இறுகின. பிய்த்தெறியப் பார்த்தான். முடியவில்லை. எதிரே இருண்ட ஜன்னல் கண்ணாடியில் அந்த முகம் தெரிந்தது. கன்னத்தில் பொட்டு இல்லை.

அவன் தோளில் கிடந்தது மெல்லத் தலையை நிமிர்த்தி, உள்ளே அழும் குரலைக் கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டது. பிறகு அதே குரலில் தானும் அழத் தொடங்கியது.