ஐம்பது சதவீதக் கொலை!

செல்போன் அலறியது.

காலை ஏழே முக்கால். சப்-இன்ஸ்பெக்டர் அர்ச்சனா தட்டில் விழுந்த இட்லியைத் தொடக்கூட இல்லை.

"மேடம்... வில்லியனூர் சட்டை கம்பெனி வாட்ச்மேன் பேசறேன்... குடோன்ல... மேனேஜர்..."

"இன்னா ஆச்சி அவருக்கு?"

"செத்துக் கெடக்கறாரு மேடம்!"

இட்லி ஆறியது. ஜீப் பறந்தது.

அட்டைப்பெட்டி அடுக்குகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தார் மேனேஜர் புகழ்வேந்தன். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்திலேயே கனமான இஸ்திரிப் பெட்டி.

தரையெங்கும் ஸ்டிக்கர்கள்... நூற்றுக்கணக்கில்!

அர்ச்சனா ஒன்றைக் குனிந்து படித்தாள். 'மேட் இன் வியட்நாம்.'

கான்ஸ்டபிள் பாக்யராஜ் எட்டிப் பார்த்தார். "வில்லியனூரு எப்ப மேடம் வியட்நாமுக்குப் போச்சி?"

"சும்மா இருங்க. வாட்ச்மேன், இது எப்ப வந்துது?"

"நேத்து சாயந்தரம் அஞ்சு மணிக்கு, கூரியர்ல. பிரிக்காத பொட்டிய அப்படியே மேனேஜர் கையில குடுத்தேன். அப்பறம் முன் கேட்டு வழியா ஒருத்தரும் வரல மேடம். பின் கேட்டு எப்பவும் பூட்டித்தான் இருக்கும், சாவி எங்கிட்ட இல்ல."

முதலாளி பலராமன் தன் அறையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வந்துடும் மேடம். அதான் குடோன் பக்கமே போவல. பத்து நாளா சென்னை. இப்பதான் வந்து எறங்குறேன்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"ஆண்டாள்! நம்ம டெய்லர். நேத்து மத்தியானம் மேனேஜர் சட்டையப் புடிச்சி, 'உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிடறேன்'னு கத்தினாளாம். வாட்ச்மேன் சொன்னான்."

ஆண்டாளை அழைத்து வந்தார்கள். கண்கள் வீங்கியிருந்தன. அர்ச்சனாவுக்குச் சட்டென்று தன் அக்கா ஞாபகம் வந்தது. அவளும் தையல்காரிதான். ஆகஸ்டில் அமெரிக்கா வரியை ஏற்றியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறாள்.

"கத்துனீங்களா?"

"கத்துனேன் மேடம். அம்பது பர்சென்ட் வரின்னு ஆர்டர் நின்னுபோச்சி. மூணு மாசமா வேலை இல்ல. நேத்துதான் கூப்ட்டாங்க. சட்டைல இருக்கற லேபிள பிரிச்சிட்டு வேற தைக்கணுமாம். வந்து நின்னா, மேனேஜர் வெரட்டறாரு!"

"ஏன்?"

"'இது திருட்டு வேலை, மாட்டுனா உங்களத்தான் புடிப்பாங்க, வூட்டுக்குப் போங்க'ன்னாரு. அப்ப கோவம் வந்துச்சி..." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எங்களுக்காகத்தான் சொல்லியிருக்காரு... பாவி நான் சட்டையப் புடிச்சிட்டேன்!"

அர்ச்சனா பாக்யராஜோடு மறுபடி முதலாளி அறைக்குள் நுழைந்தாள்.

"சார், எதுக்கு வியட்நாம்?"

"எல்லாம் அந்தப் புகழ்வேந்தன் வேலை மேடம்! நம்ம சரக்குக்கு அம்பது பர்சென்ட், வியட்நாம் சரக்குக்கு இருபது. முப்பது மிச்சம் பண்ணப் பாத்திருக்கான்!"

சாய்ந்து உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார் பலராமன்.

அர்ச்சனாவின் பார்வை அந்தக் காலிலேயே நின்றது.

"ஷூ எங்க சார் வாங்குனது?"

"சென்னைல. ஏன்?"

"அடியில 'மேட் இன் வியட்நாம்'னு இருக்கே!"

காலைக் கீழே இறக்கப் பார்த்தார். முடியவில்லை. கணுக்கால் பாக்யராஜின் பிடியில்!

ஷூவின் அடியில் ஸ்டிக்கர். அதன் ஓரத்தில்... காய்ந்த ரத்தம்!

"நேத்து அஞ்சு மணிக்கு வந்த ஸ்டிக்கரு, குடோன் பக்கமே போவாத உங்க கால்ல எப்பிடி ஒட்டுச்சி சார்? பின் கேட்டு சாவி உங்ககிட்ட மட்டும்தான இருக்கு?"

ஏ.சி. பதினெட்டில் ஓடியது. பலராமனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"கஸ்டம்ஸுக்கு எழுதிப் போடுவேன்னான் மேடம்... சரக்கு ஆறு மாசமா தேங்கிக் கெடக்குது... ஆத்திரத்துல கை நீண்டுடுச்சி..."

விலங்கு 'க்ளிக்' என்றது.

வாசலுக்கு வந்தபோது பாக்யராஜின் போன் கிணுகிணுத்தது. பார்த்தவர் கண்கள் விரிந்தன.

"மேடம்! ராத்திரி வந்த நியூஸாம்! அமெரிக்கா நமக்கு வரிய பதினெட்டா கொறைக்கப் போவுதாம்!"

"ப... பதினெட்டா?" விலங்குக் கையால் தலையில் அடித்துக்கொண்டார் பலராமன். "ஒரு ராத்திரி... ஒரே ஒரு ராத்திரி பொறுத்திருந்தா..."

கேட்டருகே நின்ற ஆண்டாள் மெல்லக் கேட்டாள். "அப்ப மறுபடி ஆர்டர் வருமா மேடம்?"

"வரும்க்கா. மொதலாளிதான் வர மாட்டாரு."

அர்ச்சனா பலராமனை ஜீப்புக்குள் தள்ளினாள்.

"அவசரப்பட்டுட்டீங்க சார்! இருபதவிட பதினெட்டு கம்மி. இந்நேரம் வியட்நாம்காரன் 'மேட் இன் இந்தியா' ஸ்டிக்கர் அடிச்சிட்டு இருப்பான்!"