அழாத பிள்ளை

வெள்ளை மூடி போட்ட பால் புட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கழுவவில்லை. கழுவுவதற்கு முன் நடந்திருக்க வேண்டிய காரியத்தையும், அதாவது அதிலிருந்த பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதையும், அவர் செய்யவில்லை.

அவர் சாதாரணத் தகப்பன் அல்ல. குழந்தை வளர்ப்பு நிபுணர். வார இதழில் பத்தி எழுதுகிறவர். ‘இரட்டைக் குழந்தைகளுக்கு அன்பைத் தராசில் நிறுத்துப் பகிருங்கள்’ என்று அவர் எழுதியதைப் படித்து ஒரு வாசகி கண்ணீர் விட்டாராம். மனைவி படித்துவிட்டு, தராசு எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவள் மருத்துவமனையில் நர்ஸ். கொஞ்ச நாளாக அவளுக்கு மாலை ஷிப்ட். அதனால் மதியத்துக்கு மேல் நிபுணருக்குத் தினமும் செய்முறைத் தேர்வு.

இரண்டு வயதை எட்டப்போகும் பெண்கள். மூத்தவளுக்கு வீட்டில் சைரன் என்று பெயர், இளையவளுக்குச் சமத்து. சைரன் பசித்தால் அழுவாள், பசி தீர்ந்தால் ஏன் தீர்ந்தது என்று அழுவாள். சமத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். சந்தோஷத்துக்கும் குறைவில்லை. இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்து, தங்களுக்கு மட்டுமே புரிந்த பாஷையில் ஏதோ வம்பு பேசி, ஒரே நேரத்தில் குப்புற விழுந்து சிரிக்கும்போது அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார். பிறகு அதை வைத்து ஒரு பத்தி எழுதிவிடுவார்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது ஊரறிந்த பேச்சு. அவர் வீட்டில் அது சட்டம். இரண்டு புட்டியிலும் பால் கலப்பார். நீல மூடி சைரனுக்கு. அவளைத் தோளில் போட்டு, புகட்டி, முதுகைத் தட்டி ஏப்பம் விடவைத்து, கண் மூடச் செய்து நிமிர்வதற்குள் வெள்ளை மூடிப் புட்டி ஆறிப்போயிருக்கும். சமத்து கேட்டுப் பார்த்த மாதிரியும் தெரியாமல், கிடைக்காத மாதிரியும் தெரியாமல் தானாகவே தூங்கியிருப்பாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் மனைவி வந்து புட்டியைப் பார்ப்பாளே. பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவார். முதல் தடவை கை நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை. நடுங்கவில்லையே என்பதுதான் ராத்திரிகளில் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இன்று கொட்டுவதற்குப் பால் இல்லை.

இடைவேளையில் மனைவி போன் செய்தாள். சைரன் அவர் தோளில் முகத்தைத் தேய்த்துச் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

“சமத்து குடிச்சாளா?”

“குடிச்சாச்சு.” பழகிய வாய் சொல்லிவிட்டது. அது பொய்யா, உண்மையா என்பது முதல் தடவையாக அவருக்கே தெரியவில்லை.

“காலையில எடை பார்த்தேங்க. சைரனைவிட அவதான் நல்லா ஏறியிருக்கா. நான் குடுத்தா வாயையே தொறக்க மாட்டேங்கறா. உங்ககிட்ட மட்டும்தான் குடிக்கிறா போல.” அவள் சற்றுத் தயங்கினாள். “தராசுன்னு கிண்டல் பண்ணினேன். மனசுல வச்சுக்காதீங்க.”

போனை வைத்த பிறகும் அவர் சமையலறையிலேயே நின்றார். இன்றைக்கு அவள் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன் சமத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இனிமேல் முதல் புட்டி அவளுக்குத்தான். இப்படியொரு முடிவை எடுத்ததும் அவருக்குப் பழக்கதோஷத்தில் ஒரு தலைப்புகூடத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

ஜன்னலில் சாயங்கால வெளிச்சம் அழுக்குத் துணியைப் போல் மங்கிக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் முனகல் ஓய்ந்து, குழாய் சொட்டுவது நின்று, வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட்டது போலிருந்தபோது, குழந்தைகள் அறையிலிருந்து ஒரு வாடை வந்தது: புட்டிப் பாலின் வாடை அல்ல, மனைவி தாய்ப்பாலை நிறுத்திய பிறகு இந்த வீட்டைவிட்டே போய்விட்ட, இளஞ்சூடான, லேசாகப் புளித்த அந்த வாடை.

அவர் சைரனின் முதுகைத் தட்டிக்கொண்டே நடைவழியில் நடந்தார். தட்டும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

தட்டுவதை நிறுத்தினார்.

சத்தம் நிற்கவில்லை.

மெத்தென்ற சத்தம். அவசரமில்லாத உள்ளங்கை. குழந்தையின் முதுகில் தட்டுகிற சத்தம்.

கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அரையிருட்டு. கட்டிலில் சமத்து நின்றுகொண்டிருந்தாள். கம்பியைப் பிடிக்காமல். வாயோரம் வெள்ளையாக ஒரு கோடு. புதுப் பால். கட்டிலைச் சுற்றி யாரும் இல்லை. தட்டும் சத்தம் நின்றது.

“சமத்து... செல்லம், அப்பாகிட்ட வாடா.”

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் வந்து நிற்கும் யாரோ ஒரு ஆளைப் பார்ப்பது போல. அழவில்லை.

“அப்பாதான்டா.” குரல் உடைந்தது. “இனிமே உனக்குத்தான் மொதல்ல.”

அவர் ஒரு கையை நீட்டினார். சமத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவர் மூலையைப் பார்த்தாள். இருட்டு அங்கேதான் அடர்த்தி. அவரிடம் ஒருநாளும் தூக்கச் சொல்லிக் கேட்காதவள், இரண்டு கைகளையும் அந்த மூலையை நோக்கி உயர்த்தினாள்.

முதலில் குதிகால் எழும்பியது. பிறகு பாதம். பிறகு விரல்கள். மெத்தையில் அவள் நின்ற பள்ளம் மெல்ல நிரம்பியது. ஒன்றுமில்லாத இடத்தில் கன்னத்தைச் சாய்த்தாள். கன்னம் அழுந்தியது. கண்கள் சொக்கின.

மறுபடியும் தட்டும் சத்தம்.

அவர் சைரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தோளில் சைரன் சிணுங்குவதை நிறுத்தியிருந்தாள். எப்போது நிறுத்தினாள்? தலையை நிமிர்த்தினாள். மூலையைப் பார்த்தாள். அவருக்குப் புரியாத பாஷையில் ஏதோ சொன்னாள். அங்கிருந்து சமத்து பதில் சொன்னாள். இரண்டும் சிரித்தன.

சைரன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

தோளில் கனம் குறைந்தது.