பெல்ட் இல்லாமல் ஓடிய ரம்பம்

வட்ட ரம்பத்தின் பிளேடைத் தொட்ட அமீனுல்லா வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டான். சுட்டது.

மழை பிடித்ததிலிருந்து ஓடாத மெஷின். கொட்டகைக்குப் பின்புறம் சாய்ப்பில் இருந்த டீசல் என்ஜின் நின்றே கிடந்தது. அதிலிருந்து ரம்பத்துக்கு வரும் பெல்ட்டை வந்ததும் வராததுமாகக் கழற்றித் தோளில் மாட்டியிருந்தான். பெல்ட் தன் கைவசம் இல்லாமல் பிளேடுக்குக் கிட்டே போவதில்லை என்பது, வாணியம்பாடியில் தொழில் கற்ற நாளிலிருந்து அவன் விடாத பழக்கம்.

"யாராச்சும் இத ஓட்னாங்களாம்மா?"

பலகை அடுக்கும் பாஞ்சாலை வாசலிலேயே நின்றாள். "யாரு ஓட்டப் போறா பாய்? முனிசாமி போனதுலேர்ந்து ஒருத்தனும் கிட்ட வர்றதில்ல."

முனிசாமி இந்த ரம்பத்தில் அறுத்துக்கொண்டிருந்தவன். வேலை சீக்கிரம் நடக்கவில்லை என்று பிளேடின் மூடியை முதலாளி கோபால்சாமி கழற்றிப் போட்டுவிட்டார். ஒருநாள் பலகை இறுகித் துள்ளியது. அதைத் தள்ளிக்கொண்டிருந்த முனிசாமியின் இரண்டு கையும் மணிக்கட்டோடு போயின. ஜீப் மலையிறங்கிப் போளூர் போய்ச் சேருவதற்குள் உயிரும் போயிற்று. அதற்கப்புறம்தான் மூடியைப் போட்டு ரம்பத்தைச் சரிசெய்ய அமீனுல்லாவைத் தேடி ஆள் வந்தது.

"கை ரெண்டையும் தேடுனோம் பாய்," என்றாள் பாஞ்சாலை. "தூள அள்ளி அள்ளிப் பாத்தோம். கெடைக்கவே இல்ல."

அமீனுல்லா பையிலிருந்து அரத்தை எடுத்தான். ஐப்பசி மழை தகரக் கூரையில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது; மத்தியானத்திலேயே மேகம் இறங்கி ஜமுனாமரத்தூரை மூடியிருக்க, ஊறிய மரத்தூளின் புளித்த வாடையும் பழைய கிரீஸின் நெடியும் அதற்கடியில் கறிக்கடை ஈரம் போன்ற இன்னொன்றும் கலந்து அவன் தொண்டையில் வந்து உட்கார்ந்தன. பிளேடின் பற்களுக்கிடையில் கட்டையைச் செருகி அது அசையாதபடி நிறுத்தினான். பல் பல்லாக அரம் போட்டான். மூலைமட்டம் வைத்துப் பிளேடு நேராக நிற்கிறதா என்று பார்த்தான். பலகை சாய்ந்து ஓடும் பக்கக்கட்டையை, பிளேடின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் ஒரே அளவாக நிறுத்தி முறுக்கினான்.

மூடியை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தான்.

பக்கக்கட்டை கோணியிருந்தது. அதன் பின்முனை பிளேடை நோக்கி நெருங்கியிருந்தது. அப்படி நின்றால் பலகை இறுகும். இறுகினால் துள்ளும்.

தான்தான் சரியாக முறுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டான். மறுபடி அளந்தான். மறுபடி முறுக்கினான். மூடியை மாட்டி நட்டைப் பூட்டினான். துணியில் கை துடைக்கத் திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் மெல்ல ஒரு உரசல். மரை கழல்கிற சத்தம். டிங் என்று மூடியின் நட்டு தரையில் விழுந்தது.

பக்கக்கட்டை மறுபடி கோணியிருந்தது.

"பாஞ்சாலைம்மா, நீங்க இன்னாத்தயாவது தொட்டீங்களா?"

"நான் இங்கதான நிக்கிறேன்?" அவள் முகம் வெளுத்திருந்தது. "வேல போதும் பாய். போய்ட்டு நாளைக்கு வாங்க."

"என்ஜின ஒருதரம் பாத்துட்டு வர்றேன். நீங்க உள்ள போவாதீங்க."

மழையில் நனைந்தபடி சாய்ப்புக்குப் போனான். என்ஜினில் உள்ளங்கையை வைத்தான். பிணம்போல் குளிர்ந்திருந்தது.

அப்போதுதான் கேட்டது.

ரம்பம் ஓடும் சத்தம். முதலில் முனகலாக. அப்புறம் கீச்சென்று. அப்புறம் பலகை வாய்க்குள் போகும் அந்த அலறல்.

அவன் தோளைத் தொட்டுப் பார்த்தான். பெல்ட் இருந்தது.

யா அல்லா.

ஓடினான். சேற்றில் வழுக்கினான். எழுந்தான். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மூடியில்லாத பிளேடு சுழன்றுகொண்டிருந்தது. பலகை ஒன்று தானாக அதற்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில், அறுந்து வரும் முனையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபடி பாஞ்சாலை.

"கைய எடும்மா! விட்டுட்டு வாம்மா!"

அவள் தலை தூக்கினாள். அவனைப் பார்க்கவில்லை. பலகையின் இந்த முனையில், யாருமற்ற இடத்தைப் பார்த்துக் கேட்டாள்: "வாசல்ல யாரோ கத்துறாங்களே. யாரு பாய் அது?"

அந்த இடத்திலிருந்து அமீனுல்லாவின் குரலே வந்தது.

"யாருமில்லம்மா. நீங்க இழுங்க. இன்னும் கிட்ட வாங்க."

அவள் கிட்டே வந்தாள். அமீனுல்லாவின் கால் நகரவில்லை.

பலகை இறுகத் தொடங்கியது. தூள் பீறிட்டுக் கிளம்பி, யாருமற்ற அந்த இடத்தில் எதன்மேலோ படிந்தது. முதலில் தோள். பிறகு முழங்கை. பிறகு பலகையை அழுத்தித் தள்ளும் இரண்டு முன்னங்கைகள், மணிக்கட்டு வரைக்கும். அதற்கப்பால் ஒன்றுமில்லை. அந்த மொட்டை முனைகளில் தூள் சிவந்து சிவந்து ஒட்ட, பாஞ்சாலை சிரித்தபடி தன் கைகளை அவற்றை நோக்கி நீட்டினாள்.