யாரும் பார்க்காத முதல் நிமிடம்

வாருங்கள், வந்து கண்ணாரப் பாருங்கள்! பட்டப்பகலில், விளக்கு வெள்ளத்தின் நடுவே ஒரு பெண்ணின் பெயரைக் கொன்றிருக்கிறார்கள். கத்தி எடுக்கவில்லை, நஞ்சு கலக்கவில்லை. அரங்கின் பெருந்திரையில் இறுதிச் சுற்றுக்கு வந்த இருவரின் பெயர்கள் மின்னிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் மீது சிவப்புக் கோடு விழுந்தது. "ஏமாற்று வேலை. வாழ்நாள் தடை" என்று ஒலிபெருக்கி அறிவித்தது. சற்று முன்புவரை அவளைத் தோளில் தூக்கி ஆடிய அதே கூட்டம் "திருடி! திருடி!" என்று ஊளையிட்டது. அப்போது பிற்பகல் மணி இரண்டு.

திரையில் அழிந்த பெயர் 'சில்வண்டு'. 'மேகப்போர்' என்ற விமானச் சண்டை விளையாட்டில் எவராலும் சுட்டு வீழ்த்த முடியாத இருபது வயதுப் பெண்ணுக்கு ரசிகர்கள் சூட்டிய பெயர் அது. அவளுக்கு இந்த உலகில் இருந்தது ஒரே ஓர் அக்கா. அந்த அக்காவின் தொழில் தேர்வுக் கூடத்தைக் கண்காணிப்பது. காப்பி அடிப்பவர்களைக் கையும் களவுமாகப் பிடித்துப் பிடித்தே பழகிய கண்கள் அவளுக்கு. விளையாட்டைப் பற்றியோ அவளுக்கு அரிச்சுவடியும் தெரியாது.

அரங்கின் பின்புறம், நிறுத்தியிருந்த காருக்குள் தங்கை முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அக்கா கதவைச் சாத்தினாள்.

"அழுது முடிச்சிட்டியா?"

"அழலை."

"நல்லது. என்ன நடந்ததுன்னு சொல்லு."

"மதிய இடைவேளையில பயிற்சி அறையில இருக்கிற என் கம்ப்யூட்டர்ல யாரோ ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியிருக்காங்க. குறி தானாப் போய் விழுற திருட்டு புரோகிராமைப் போட்டு ஆடியிருக்காங்க. நான் ஆடினதுன்னு சொல்றாங்க. நான் இங்கதான் தூங்கிட்டிருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"தூங்குறதை யாருக்கா வந்து வேடிக்கை பாப்பாங்க?"

"அந்த அறைக்குள்ள யாரெல்லாம் போக முடியும்?"

பயிற்சி அறைக்கு நால்வரிடம் மட்டுமே சாவி இருந்தது: தங்கை, அவளுடைய பயிற்சியாளர், எதிர் ஆட்டக்காரனான 'நெட்டையன்', போட்டியை நடத்தும் ஏற்பாட்டாளர். ஆட்ட நுணுக்கம் வெளியே கசியக்கூடாது என்று அந்த அறையில் கேமரா வைக்கவில்லை.

"மூணு பேருக்கும் உன் மேல என்ன கோபம்?"

தங்கை முதன்முறையாகத் தலை நிமிர்ந்தாள். "நேத்து மூணு பேரையும் வெச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னேன். காசு கொடுத்து வாங்குற தங்க விமானத்துக்கு அடி பாதிதான் விழுது. இலவச விமானத்துக்கு முழுசா விழுது. வெளியில யாருக்கும் தெரியாம உள்ளே எழுதி வெச்சிருக்காங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் நாளைக்கு மேடையில நிரூபிப்பேன்னு சொன்னேன்."

"எதுக்குடி முன்னாடியே சொன்னே?"

"முதுகுல குத்த எனக்குப் பழக்கமில்லையே."

அக்காவுக்குப் பல் நறநறத்தது. எவனோ ஒருவன் இந்தப் பிள்ளையின் நேர்மையையே கயிறாகத் திரித்து இவள் கழுத்தில் மாட்டியிருக்கிறான். அவன் எவனாக இருந்தாலும், தங்கையின் பெயர் விழுந்த அதே திரைக்குக் கீழே, அதே கூட்டத்தின் முன்னால், அவன் முகம் கருக வேண்டும். மூடிய அறைக்குள் கேட்கும் மன்னிப்பு எதற்கு ஆகும்? ஐந்து மணிக்கு நெட்டையனின் கையில் கோப்பை ஏறிவிடும். அதன் பிறகு உண்மை வெளிவந்தாலும் கேட்பதற்கு ஆள் இருக்காது.

பயிற்சி அறைக்குப் போகும் நடையில் ஒரு பலகை தொங்கியது. 'விளையாட்டில் நீங்கள் மிகவும் மதிப்பது எது?' என்று ஏற்பாட்டாளர் பெரிய எழுத்தில் கேட்டிருந்தார். ரசிகர்கள் வண்ணச் சீட்டுகளில் பதில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கதை என்றான் ஒருவன். நண்பர்களோடு கத்திச் சிரிப்பது என்றாள் ஒருத்தி. படத்தின் அழகு, பாட்டு, வேலை முடிந்து வந்தால் எல்லாவற்றையும் மறக்கவைப்பது என்று இன்னும் எத்தனையோ. ஆனால் மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது ஒரே கருத்துதான். தோற்றால் என் தப்பால் தோற்க வேண்டும். ஜெயித்தால் என் கையால் ஜெயிக்க வேண்டும். அக்கா அங்கே நீண்ட நேரம் நின்றாள். தேர்வு எழுதும் பிள்ளைகள் கேட்பதும் இதைத்தானே?

தலைமை நடுவர் காதோரம் நரைத்த பெண்மணி. கைகட்டி நின்ற அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் கொடுங்க, போதும்" என்றாள் அக்கா. "பரீட்சையில பிட் அடிச்ச பிள்ளையைக்கூட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வெளிய அனுப்புவோம்."

நடுவர் தலையசைத்தார்.

முதலில் வந்தவர் பயிற்சியாளர். இளமையில் உண்மையான விமானம் ஓட்டக் கற்றுப் பாதியில் விட்டவர். மீசையில் மட்டும் இன்னும் விமானி.

"மதியம் எங்க இருந்தீங்க?"

"வெளிய. போன் பேசிட்டிருந்தேன்."

"யாரோட?"

"சம்சாரத்தோட. சண்டை. என்ன சண்டைன்னும் சொல்லணுமா?"

"வேண்டாம். என் தங்கச்சி உங்களை விட்டு வேற கோச்கிட்ட போகப் போறான்னு கேள்விப்பட்டேன்."

அவர் முகம் சிவந்தது. "போகட்டுமே! நன்றிகெட்டவ. ஆனா ஏமாத்துக்காரி இல்ல. நான் சொல்லிக்கொடுத்த கை அது."

அக்கா மேசையில் கிடந்த கன்ட்ரோலரை எடுத்து அசட்டுச் சிரிப்போடு நீட்டினாள். "எனக்கு இது சுத்தமாப் புரியலை. விமானம் மேல போகணும்னா என்ன செய்யணும்?"

"கட்டைவிரல் கிட்ட குமிழ் இருக்கில்ல, அதைக் கீழ இழுங்க. மூக்கு மேல வரும். நிஜ விமானம் அப்படித்தான். என்கிட்ட படிச்ச எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவாங்க. மத்தவங்க பொம்மை ஓட்டுற மாதிரி ஓட்டுவாங்க."

அடுத்து நெட்டையன் வந்தான். கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தவன், உட்கார்ந்த பிறகும் நிமிரவில்லை.

"நான் செய்யலை, அக்கா."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே, தம்பி."

"எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. அவ போயிட்டா கோப்பை எனக்குத்தானே."

"தங்க விமானமும் உன்கிட்டதானே இருக்கு."

"அப்பா வாங்கிக் கொடுத்தது. அவ சொன்னது பொய்யாத்தான் இருக்கும்." குரல் இறங்கியது. "பொய்யாத்தான் இருக்கணும்."

"சரி. இதுல மேல போறது எப்படி?"

"குமிழைக் கீழ இழுக்கணும். நானும் அதே கோச்கிட்டதான் படிச்சேன். கை பழகிடுச்சு, இனிமே மாத்த முடியாது."

ஏற்பாட்டாளர் கடைசியாக வந்தார். பளபளக்கும் கோட்டு; அதைவிடப் பளபளக்கும் பேச்சு. பத்தாண்டுகளுக்கு முன் அவரும் ஆட்டக்காரர்தான். இப்போது விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் செல்லப்பிள்ளை.

"வருத்தமா இருக்கும்மா. ஆனா மெஷின் பொய் சொல்லாது பாருங்க."

"மதியம் எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்ல. தனியா. வேலை தலைக்கு மேல இருக்கு. என்னையும் சந்தேகப்படுறீங்களா என்ன?"

"நானா? எனக்கு இதுல விமானத்தை மேல தூக்கவே தெரியலை."

அவர் கடகடவென்று சிரித்தார். "மேல போகணும்னா குமிழை மேல தள்ளணும்மா. கீழ போகணும்னா கீழ. குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அப்படியா? நன்றி" என்று பணிவாகச் சொன்னாள் அக்கா.

பிறகு நடுவரிடம் போய், அந்தத் திருட்டு ஆட்டத்தின் பதிவைக் கேட்டாள். நடுவர்கள் பார்த்தது எதை? எதிரி விமானங்கள் சடசடவென்று வீழும் பகுதியை மட்டும்தான். எந்திரம் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டிய இடம் அது. குற்றம் அங்கே வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தபோது அதற்கு முந்தியதைப் பார்ப்பானேன் என்று விட்டுவிட்டார்கள். அக்காவின் பழக்கம் வேறு. காப்பி அடித்தவனின் விடைத்தாளில் அவள் முதல் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாள். பார்த்து எழுத ஆரம்பிக்கும் முன், பேனா தடுமாறிய இடம் அங்கேதான் இருக்கும்.

"முதல்ல இருந்து போடுங்க."

திரையில் விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்தது. எழுந்த வேகத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு தரையில் மோதிச் சிதறியது. ஆட்டம் மறுபடி தொடங்கியது. மறுபடியும் அதே கதி. அதற்குப் பிறகு திரை உறைந்து நின்றது. யாரோ ஆட்டத்தை நிறுத்திவைத்து எதையோ மாற்றியிருக்கிறார்கள். அதன் பின்னர் விமானம் அம்பாகப் பறந்தது.

நடுவரின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியது.

மணி ஐந்து. மேடையில் கோப்பை, சுற்றிலும் இரைச்சல். ஏற்பாட்டாளர் ஒலிபெருக்கியைப் பிடித்த கணத்தில் நடுவர் அதைக் கைநீட்டி வாங்கி அக்காவிடம் கொடுத்தார். கூட்டம் கூச்சலிட்டது.

"கத்துங்க" என்றாள் அக்கா. "கத்தி முடிச்சிட்டுத் திரையைப் பாருங்க."

விமானம் இரண்டு முறை தரையில் குத்தி விழுந்ததை ஆயிரம் கண்கள் பார்த்தன.

"என் தங்கச்சி குமிழைக் கீழ இழுத்து மேல பறக்கிறவ. அவ மெஷின் அவ கைக்குத் தகுந்தபடிதான் வெச்சிருக்கு. அவ உக்காந்திருந்தா முதல் தடவையே ஏறியிருக்கும். உக்காந்தது வேற ஆள். ஏறணும்னு மேல தள்ளினான், விமானம் இறங்கிச்சு. பதறிப்போய் இன்னும் தள்ளினான், மோதிச்சு. ரெண்டாவது தடவையும் விழுந்ததுக்கு அப்புறம்தான் அவனுக்குக் காரணம் புரிஞ்சது. நிறுத்திவெச்சுத் தன் கைக்கு ஏத்தபடி மாத்திக்கிட்டான். திருட்டு புரோகிராம் குறிதான் பாக்கும். விமானத்தை அவன்தானே ஓட்டணும்? ஆட்டம் முடிஞ்சதும் பழையபடி மாத்தி வெச்சுட்டுப் போயிட்டான். ஆனா விழுந்ததை அழிக்க முடியலை. கோச் கீழ இழுக்கிறவர். நெட்டையனும் கீழ இழுக்கிறவன். சாவி இருக்கிறவங்கள்ல மேல தள்ளுறவர் ஒரே ஒருத்தர்."

அவள் திரும்பினாள். ஏற்பாட்டாளரின் புன்னகை முகத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க வழி தெரியாமல் நின்றது.

"அபாண்டம்! மேல தள்ளுறவங்க ஊருக்குள்ள ஆயிரம் பேர் இருக்காங்க!"

"அந்த அறைக்குச் சாவி ஆயிரம் பேர்கிட்ட இல்லையே."

"அவளே முறையை மாத்திப் பாத்திருப்பா!"

"மாத்துறதுக்கு முன்னாடிதான் விழுந்திருக்கு. தன் வீட்டு வாசப்படியில எவளாவது ரெண்டு தடவை தடுக்கி விழுவாளா?"

நடுவர் தங்கையின் கன்ட்ரோலரை அவர் கையில் திணித்தார். "நீங்க பழைய ஆட்டக்காரர்தானே, சார். எந்த முறையில வெச்சாலும் பறக்கத் தெரியும்னு காட்டுங்க. நாங்க பாக்குறோம்."

மறுத்தால் மாட்டுவார், பறந்தால் தப்பலாம். அவர் உட்கார்ந்தார். கீழே இழுக்க வேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு விமானத்தை மெல்ல ஏற்றினார். கூட்டத்தில் ஒருவன் கைதட்டவும் செய்தான். அப்போது பின்னால் ஓர் எதிரி விமானம் சீறி வந்தது. மூளைக்கு முன் கட்டைவிரல் முந்திக்கொண்டது. குமிழ் மேலே போனது. விமானம் தலைகுப்புறத் தரையில் பாய்ந்து நொறுங்கியது. பெருந்திரை முழுக்கத் தீ.

அரங்கமே வெடித்தது.

"ஆமா, நான்தான்!" என்று ஏற்பாட்டாளர் கத்தினார். கோட்டின் பளபளப்பு கசங்கியிருந்தது. "சோறு போடுற விளையாட்டைக் கவுக்கப் பாத்தா! இவ பேச்சை நம்பிப் பிள்ளைங்க எல்லாம் நாளைக்கு எங்களைக் காறித் துப்பியிருப்பாங்க. திருடி சொன்னா எவன் நம்புவான்? அதுக்குத்தான் திருடி ஆக்கினேன்!"

இதைத்தான் அக்கா வேண்டினாள். நெஞ்சு குளிரும் என்று நினைத்தாள். அது குளிரவில்லை, கொதித்தது. மேடையோரம் வந்து நின்ற தங்கையிடம் அவள் ஒலிபெருக்கியைக் கொடுத்தாள். திரையில் சிவப்புக் கோடு மறைந்து 'சில்வண்டு' திரும்பி வந்திருந்தது. தங்கை அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என் பேர் வந்தா மட்டும் போதாது. நெட்டை, உன் தங்க விமானத்தை ஏத்து. ஒரு குண்டு நான் வாங்கிக்கிறேன், அதே குண்டு நீ வாங்கு."

அவன் ஏற்றினான். இரண்டு விமானங்கள் அருகருகே நின்றன. ஒரே குண்டு, ஒரே தூரம். இலவச விமானம் தூள்தூளானது. தங்க விமானம் லேசாகப் புகைந்துகொண்டு பறந்தது.

நெட்டையன் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தான். "அப்போ நான் இதுவரைக்கும் ஜெயிச்சதெல்லாம்?" என்று கேட்டான்.

தோற்றவனிடம் வெற்றியைத் திருடினார்கள். வென்றவனிடமும் வெற்றியைத் திருடினார்கள்! வாசகர்களே, ஓர் ஏற்பாட்டாளர் விலங்கு பூண்டு போவதால் இந்தக் கணக்கு தீருமா? அவரை வளர்த்த நிறுவனம் நாளையே வேறொரு பளபளக்கும் கோட்டைத் தேடிக்கொள்ளும். உங்கள் கையிலும், உங்கள் பிள்ளைகளின் கையிலும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதை நடத்துகிறவர்களுக்கு இன்றே எழுதுங்கள்: 'என் மீது விழும் அடியும் காசு கொடுத்தவன் மீது விழும் அடியும் ஒன்றா? விதியைத் திறந்து காட்டு!' காட்டும் வரை ஆடாதீர்கள். ஆடுகிற நண்பனையும் எழுப்புங்கள். ஊமையாக நிற்கும் அந்தத் திரைகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். இருட்டில் அவர்கள் வந்து பதில் சொல்லட்டும்!